சாட்சி ஏறிய அம்பாசடர்

அத்தியாயம் 11

எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை.

நகரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏதோ நகர்ந்தது. பின்னால் பருத்தி மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டி அம்பாசடரை நிதானமாகத் தாண்டிப் போனது. தாண்டும்போது வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, துக்க வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு வேறு போனார்.

"அக்கா, அந்த வண்டியில இடம் இருக்கான்னு கேக்கட்டா? மூட்டை மேல மெத்து மெத்துன்னு போகலாம்" என்றான் பின் சீட்டிலிருந்த பொன்னுராஜ்.

"வாயை மூடிட்டு மூக்கைத் திறலே. என்ன வாடை?"

"ஏதோ கருகுது. பழைய செருப்பை அடுப்புல போட்ட மாதிரி."

முன் சீட்டிலிருந்த கிருபாபாய் தலையாட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் வேலையை, மேலதிகாரி மேசையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விட்டவள். இப்போது ராஜபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். போர்டில் அவள் பெயர் மட்டும் இருக்கும். தன் பெயரையும் எழுதச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உதவியாளன்தான் பொன்னுராஜ். அவளுடைய சொந்த ஃபியட் எஞ்சின் இறக்கிக் கிடந்தது. அந்த வண்டியோடு மல்லுக்கட்டியே அவள் பாதி மெக்கானிக் ஆகியிருந்தாள்.

பொன்னுராஜுக்குப் பக்கத்தில், மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் அழகுத்தாய். பையில் ஒரு மாற்றுச் சேலையும் கட்டுச்சோறும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் அவளைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் தடுக்க ஒரு கூட்டமே அலைந்தது.

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கி எரிந்தது. பஞ்சு விலை படுத்துக் கிடந்த நேரம், எரிந்த பஞ்சுக்கு இன்சூரன்ஸ் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அங்கே மூட்டை தூக்கிய பால்பாண்டியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கூலி கூட்டிக் கேட்டு முதலாளி முன்னால் குரலை உயர்த்தியவன் அவன். பழி போட வேறு ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் தீப்பிடிக்கிற நேரத்தில் கிட்டங்கியின் பின் கதவைப் பூட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்த ஒருவரைப் பால்பாண்டியின் அக்கா அழகுத்தாய் கண்ணால் பார்த்தாள். அவர் முதலாளியின் மச்சினன் சமுத்திரம்.

பால்பாண்டி பக்கத்துச் சாட்சிக்கு இன்றுதான் கடைசி நாள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் கூடும்போது அழகுத்தாய் கூண்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சாட்சி இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். தம்பியின் வாலிபம் ஜெயிலில் கழியும். இன்று பார்த்து பஸ் ஸ்டிரைக். அதனால்தான் தவசிமுத்துவின் டாக்சி.

தவசிமுத்து வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். ஐம்பது வயது, ஸ்டாண்டில் நல்ல பெயர். டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிலுவை. வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுவார். செருப்பு சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

"கிளட்ச் பிளேட்டு போச்சும்மா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இனி வண்டி போகாது. பேசாம ஊருக்குத் திரும்பிருங்க."

"போற வண்டி போகாதுன்னா, திரும்புற வண்டி மட்டும் எப்படி அண்ணாச்சி போகும்?" என்றான் பொன்னுராஜ்.

அழகுத்தாய் கதவைத் திறந்து இறங்கினாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். பையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, எங்க போறே?" என்று கத்தினாள் கிருபாபாய்.

"கோர்ட்டுக்கு" என்றாள் அவள், திரும்பாமலே. "வண்டிக்குத்தானே கிளட்ச் போச்சு? எனக்குக் கால் இருக்குல்லா."

"வெயில்ல எம்புட்டு தூரம் நடப்பே?"

"எந்தம்பி உள்ள இருக்கிற தூரம் இல்லக்கா."

இப்படிப்பட்ட பெண்ணோடு வாதாடிப் பயனில்லை. கிருபாபாய் கைக்கடியாரத்தைப் பார்த்தாள், தவசிமுத்துவைப் பார்த்தாள். "அண்ணாச்சி, செத்த நேரம் இறங்குங்க" என்று டிரைவர் சீட்டில் ஏறினாள்.

வண்டியை மெதுவாக உருட்டி, முன் பம்பரைப் புளியமரத்தின் தூரில் முட்டக் கொடுத்தாள்.

"மரம் என்னக்கா பாவம் செஞ்சுது?"

"பேசாம பாரு." டாப் கியரைப் போட்டாள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். மரத்தில் முட்டிய வண்டி டாப் கியரில் கிளம்ப முடியாது. கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தால் எஞ்சின் மூச்சு முட்டி நின்றாக வேண்டும். ஆனால் இந்த எஞ்சின் நிற்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் சுத்துது, சக்கரம் சுத்தலை. நடுவுல ரெண்டையும் சேத்துப் பிடிக்க வேண்டிய பிளேட்டு வழுக்குது. ஏன் வழுக்குது?"

"தேஞ்சிருக்கும்."

"இருக்கலாம். ஆனா தேயுற பிளேட்டு சொல்லிட்டுத்தான் சாகும். ஏத்தத்துல மொனங்கும், லோடு ஏத்துனா திணறும். அண்ணாச்சி, நேத்து வண்டி எப்படி?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த தவசிமுத்து, "எங்க கவனிச்சேன்" என்று முடித்தார்.

கிருபாபாய் எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினாள். அவள் முகம் மாறியது.

"ஏலே, இங்க வா. அழுத்திப் பாரு. எந்த வண்டியிலயும் இந்தப் பெடல் முதல் ஒரு இஞ்ச் சும்மா போகணும். பொறவுதான் கனக்கணும். இது?"

பொன்னுராஜ் அழுத்தினான். "தொட்டதுமே கனக்குதே."

"அப்ப யாருமே மிதிக்காமலே இந்தக் கிளட்ச் பாதி மிதிச்சபடி இருக்கு. பிளேட்டு முழுசாப் பிடிக்கவே முடியாது. ஓட ஓடச் சூடேறிக் கருகும். வீட்டுலேர்ந்து கிளம்பும்போது வண்டி ஓடும், பாதி வழியில படுக்கும். அளந்து செஞ்ச வேலை."

"யார் மிதிச்சுக்கிட்டு இருக்கா? பேயா?"

"பேய் இல்ல. நட்டு. கீழே போ."

பொன்னுராஜ் நேற்றுத்தான் சலவைக்குப் போட்டு வாங்கிய தன் சட்டையை ஒருமுறை துக்கத்தோடு பார்த்துவிட்டு வண்டிக்கடியில் நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"அக்கா! எல்லா இடத்துலயும் மண்ணும் மசகும் அப்பிக் கெடக்கு. கிளட்ச் கம்பியில மட்டும் திருகு மரை பளபளன்னு இருக்கு. நட்டை யாரோ இன்னைக்கு நேத்துதான் உள்ளாற திருகியிருக்காங்க. அண்ணாச்சி, ஒரு ஸ்பேனர் குடுங்க!"

தவசிமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் வெயிலுக்குள் அழகுத்தாய் சின்ன உருவமாக நடந்துகொண்டிருந்தாள். அவர் சீட்டுக்கடியில் கைவிட்டு ஒரு கட்டிங் ப்ளேயரை எடுத்துக் குனிந்து நீட்டினார். "இந்தா, இதுவே போதும்."

அது போதுமாகத்தான் இருந்தது. பெடல் ஒரு இஞ்ச் சும்மா போகும் வரை பொன்னுராஜ் நட்டைத் தளர்த்தினான். பிளேட்டு ஆறுவதற்காக பானட்டைத் திறந்துவைத்துக் கொஞ்சம் காத்திருந்தார்கள். கிருபாபாய் மறுபடியும் புளியமரத்தில் முட்டி, டாப் கியர் போட்டுக் காலை எடுத்தாள். இந்தத் தடவை எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது.

"செத்துருச்சு" என்றான் பொன்னுராஜ்.

"பிழைச்சிருச்சுலே. கிளட்ச் பிடிக்குது. ஏறு."

ஏறப் போனவன் நின்றான். பின் சக்கரத்தருகே குனிந்து, டயரின் வெட்டுக்குள்ளிருந்து எதையோ நகத்தால் தோண்டி எடுத்தான். நசுங்கிய மஞ்சள் தோல், இரண்டு விதை.

"எலுமிச்சம்பழம். இன்னைக்குக் காலையில நசுங்குனது, இன்னும் காயலை. அண்ணாச்சி, நீங்க வச்சதா?"

"நானா? நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற ஆளுப்பா."

"அதானே பாத்தேன். அப்ப நேத்து வண்டி யார் கையில இருந்துச்சு?"

தவசிமுத்து பானட்டை இழுத்து மூடினார். "ஸ்ரீவில்லிபுத்தூர் சவாரி போனப்ப ஆண்டிச்சாமி பட்டறையில ஆயில் மாத்துனேன். ஊருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி, ரைஸ்மில்லை ஒட்டி."

பொன்னுராஜ் விரலைச் சொடுக்கினான். ஆண்டிச்சாமியைத் தெரியாதவர் யார்? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தாமல் அவன் பட்டறையை விட்டு வண்டி வெளியே போகாது என்று இரண்டு ஊரிலும் பேச்சு. "ஆள் கிடைச்சாச்சுக்கா! நட்டை முறுக்கினது, பழத்தை வச்சது, எல்லாம் ஒரே கை. போற வழியிலதான் இருக்கான். அமுக்கிருவோம்."

கிருபாபாய் ஒரு கையில் விதைகளையும் மறு கையில் ப்ளேயரையும் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தாள். தவசிமுத்து வண்டியைக் கிளப்பினார்.

அழகுத்தாயை ஏற்றிக்கொண்டபோது அவள் முகம் வேர்த்து வழிந்தது. "நான் பாதி தூரம் வந்துட்டேன், நீங்க இப்பதான் வாரீக" என்றாள். பாதி தூரம் இல்லைதான். ஆனால் அவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வண்டி நன்றாகவே ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியத் தொடங்கி, ரைஸ்மில் புகைபோக்கியும் கண்ணில் பட்டபோது, கீழே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தவசிமுத்துவின் கிளட்ச் பெடல் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"நட்டு கழண்டு விழுந்துருச்சு" என்றார் அவர். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைச் சாமர்த்தியமாக நியூட்ரலுக்கு உருவினார். வண்டி உருண்டு உருண்டு வேகம் செத்தது. மீதி தூரத்தைப் பொன்னுராஜ் தள்ளினான்.

"முதல்ல பிடிக்கவே மாட்டேன்னுச்சு" என்று மூச்சு வாங்கினான். "இப்ப பிடிச்ச பிடியை விடவே மாட்டேங்குது. இந்தக் கிளட்சுக்குப் பொண்ணு குடுக்காதீங்க!"

ஆண்டிச்சாமியின் பட்டறை என்பது நாலு கம்பும் ஒரு தகரக் கொட்டகையும்தான். அவன் லாரி எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுத்து, "என்ன அண்ணாச்சி, நேத்துப் போன வண்டி தள்ளிக்கிட்டு வருது?" என்றான்.

"நீ செஞ்ச வேலைதான்!" என்று பாய்ந்தான் பொன்னுராஜ். "கிளட்ச் நட்டை முறுக்கி வச்சதுமில்லாம பழம் வேற வச்சு அனுப்புறியா? யார்லே சொன்னது? சமுத்திரமா?"

ஆண்டிச்சாமி கை மசகைத் துடைத்துக்கொண்டான். கோபம் வருவதற்கு முன்னால் துணியை மடித்து வைக்கிற ஆள் அவன். மடித்து வைத்துவிட்டுக் கத்தினான்.

"யார்யா நீ? ஆயில் மாத்துனதுக்கெல்லாம் பழம் வச்சா நான் எலுமிச்சந் தோட்டம்தான் வாங்கணும்! எஞ்சின், பிரேக்கு, கிளட்ச்சு... உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டுந்தான் என் பட்டறையில பழம். அண்ணாச்சிக்குத் தெரியும், கேளு! பதினஞ்சு வருசமா வாராரு!"

கிருபாபாய் சட்டென்று நிமிர்ந்தாள். "கிளட்ச் வேலைக்குப் பழம் உண்டு. ஆயிலுக்கு இல்ல. அப்படித்தானே?"

"ஆமா தாயி."

"சரி. கீழே பாரு."

ஆண்டிச்சாமி வண்டிக்கடியில் போய் வந்தான். முகத்தில் கோபம் போய் அருவருப்பு இருந்தது. "நட்டு விழுந்தது பெருசில்ல. அதுக்குப் பின்னாடி இன்னொரு நட்டு இருக்கும், லாக் நட்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இறுக்கிக்கிட்டு நிக்கும். கழட்டணும்னா ரெண்டு கையில ரெண்டு ஸ்பேனர் வேணும். அதை எவனோ தளத்திக் கடைசி வரைக்கும் ஓட்டிட்டு, மறுபடி இறுக்கலை. மரையில பூரா பல்லு பதிஞ்ச தடம். கட்டிங் ப்ளேயர் போட்டிருக்கான், கட்டையில போறவன்! என் பட்டறையில நட்டுல ப்ளேயர் வச்சா கையை முறிச்சிருவேன்."

"லாக் நட்டு இறுக்கமா இருந்தா, ப்ளேயரால அந்த நட்டைத் தளத்த முடியுமா?"

"பீமன் வந்தாலும் முடியாது."

கிருபாபாய் மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணாச்சி. புளியமரத்தடியில பொன்னுராஜ் கேட்டது ஸ்பேனர். நீங்க அடியில எட்டிக்கூடப் பாக்கலை. எந்த நட்டு, என்ன சைஸ்னு கேக்கலை. 'இதுவே போதும்'னு ப்ளேயரைக் குடுத்தீங்க. லாக் நட்டு தளந்து கிடக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தவசிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"எலுமிச்சம்பழம் இன்னைக்குக் காலையில நசுங்கினது. காலையில வண்டி நின்னது உங்க வீட்டு வாசல்ல. கிளட்சுல கை வச்சாச்சுன்னு தெரிஞ்ச ஆள்தான் கிளட்சுக்குப் பழம் வைப்பான். கெடுத்ததும் நீங்க. எங்களுக்கு எதுவும் ஆகிரக் கூடாதுன்னு பழம் வச்சதும் நீங்க. என்ன அண்ணாச்சி, ஏசு ஒருத்தரு மட்டும் பத்தலையா?"



தவசிமுத்து வண்டியின் மட்கார்டில் சாய்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "சமுத்திரம் நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்தாரு. தீப்பெட்டியை எடுத்து என் பானட்டு மேல வச்சாரு. 'எம்புட்டுப் பெரிய கிட்டங்கி, ஒரே குச்சியில முடிச்சேன். உன் தகர டப்பா எம்மாத்திரம்? நாளைக்கு அந்தப் பொம்பளை கோர்ட்டுக்குப் போகக் கூடாது'ன்னாரு. இந்த வண்டிய விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. செஞ்சிட்டேன். விடியுறதுக்குள்ள மனசு கேக்கலை, பழத்தை வச்சேன்."

"அப்ப ப்ளேயரை எதுக்குக் குடுத்தீங்க? சும்மா இருந்திருந்தா நாங்க அங்கேயே கிடந்திருப்போமே?"

"இந்தப் பிள்ளை நடந்தே போறேன்னு இறங்குச்சுல்லா? அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கை தானா நீண்டுருச்சு."

அழகுத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று பொன்னுராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்கீரா? எங்க வீடு ஓலை. அதுக்குக் குச்சிகூட வேண்டாம், கங்கு போதும். ஒமக்கு வண்டி போயிரும்னு பயம். எந்தம்பிக்கு வயசு போயிரும். வண்டிய வாங்கிக்கிடலாம். வயசை எந்தக் கடையில விக்கான்?" குரல் உடைந்தது. உடைந்ததை அவள் உடனே எடுத்து ஒட்டிக்கொண்டாள். "நான் நடக்கேன். நீரு இங்கேயே நில்லும்."

"நில்லு தாயி" என்றான் ஆண்டிச்சாமி. "ராஜபாளையம் அம்பாசடர் வந்துச்சான்னு கேட்டு ரெண்டு பேரு புல்லட்டுல வந்தானுவ. அந்த முக்குல நிக்கானுவ, பாரு. நடந்து போற பொம்பளைய அவனுவ விடவா போறானுவ? எங்கிட்ட இருக்கிறது ஒரு சைக்கிள். இந்த நட்டு வாங்கணும்னா டவுனுக்குப் போயி வரணும்."

இடைவேளை முடியப் போகிற நேரம்.

மிரட்டிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கணக்கில் தவறுவார்கள். பயந்தவன் எப்போதும் பயந்துகொண்டே இருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள். தவசிமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். செருப்பை உதறினார். டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை அடைத்தார்.

"ஏறுங்க" என்றார்.

"கிளட்ச்?" என்றான் பொன்னுராஜ்.

"எதுக்கு? ஏறுடா."

ஏறினார்கள். அவர் எஞ்சினை அணைத்த நிலையிலேயே முதல் கியரைப் போட்டார். சாவியைத் திருகினார். செல்ஃப் மோட்டார் வண்டியையே உலுக்கி இழுத்தது. கடகடவென்று ஒரு குதி, இரண்டு குதி, எஞ்சின் பற்றிக்கொண்டது. அம்பாசடர் பாய்ந்தது. ஆண்டிச்சாமி கையைத் தட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, இது வண்டியா, குதிரையா?"

"பிடிச்சுக்கோலே!"

தவசிமுத்து ஆக்ஸிலரேட்டரை விட்டார். எஞ்சின் சத்தம் இறங்குவதைக் காதால் கேட்டுக்கொண்டே லீவரை நியூட்ரலுக்கு உருவினார். ஒரு நொடி காத்தார். இரண்டாவது கியர் ஒரு முனகலும் இல்லாமல் உள்ளே போனது. வெறுங்காலில் வண்டியின் துடிப்பு தெரிகிறவருக்குத்தான் அது வரும்.

முக்கில் புல்லட்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு இருவர் நின்றார்கள். ஒருவன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னான்.

"நிப்பாட்டுனா திரும்பக் கிளப்புறது கஷ்டம்" என்றார் தவசிமுத்து.

"நிப்பாட்டச் சொல்லி நான் சொல்லலையே" என்றாள் கிருபாபாய்.

ஹாரனை அழுத்திய கையை அவர் எடுக்கவில்லை. கடைசி நொடியில் புல்லட்டை உருட்டிக்கொண்டு இருவரும் ஓடைக்குள் இறங்கினார்கள். அழகுத்தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கோர்ட்டுக்குத்தான்லே போறேன்! போயிச் சொல்லுங்க!" என்று கத்தினாள்.

கடைத்தெருவில் பொன்னுராஜ் மறுபக்கம் தலையை நீட்டினான். "ஒதுங்கு, ஒதுங்கு! பிரேக் இல்லாத வண்டி!"

"பிரேக் இருக்குடா!"

"இருக்குன்னு தெரிஞ்சா எவன் ஒதுங்குவான் அண்ணாச்சி?"

ஒதுங்கினார்கள். பால்கோவாக் கடை வாசலில் கூடியிருந்த கூட்டமும் ஒதுங்கியது. தவசிமுத்து ஒரு திருப்பத்திலும் நிற்காமல், இரண்டாவது கியரிலேயே உறும உறும வண்டியைக் கோர்ட் வாசலுக்குள் திருப்பினார். கேட்டுக்குள் பாதி நுழைந்தபோது, கேஸ் கட்டோடு ஒரு முதியவர் குறுக்கே வந்தார். தவசிமுத்து பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஒரு உதறு உதறி, கேட்டை அடைத்தபடி நின்றுபோனது.

உள்ளே டவாலி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அழகுத்தாய்... அழகுத்தாய்..."

"வந்துட்டேன்!" என்று அவள் அங்கிருந்தே பதில் கொடுத்துக்கொண்டு ஓடினாள்.

வேப்ப மரத்தடியில் தன் வெள்ளைக் காரில் சாய்ந்து நின்ற சமுத்திரம் நிமிர்ந்தார். அவள் போவதைப் பார்த்தார். பிறகு தவசிமுத்துவைப் பார்த்துக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏலே தவசி, சொன்னதை மறந்துட்டியோ?" என்றார்.

"ஒரு எழுத்துகூட மறக்கலை" என்றார் தவசிமுத்து. "அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்."

அழகுத்தாய் கூண்டில் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எதிர் வக்கீல் அவளை மூன்று விதமாக மடக்கினார். "தம்பிக்காக அக்கா பொய் சொல்ல மாட்டாளா?" என்று கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் வாசல் பக்கமிருந்து வந்தது.

"ஐயா, எனக்கு அவன் தம்பி இல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தவசிமுத்து நின்றார். அவருக்குப் பின்னால் கிருபாபாய். பால்பாண்டியின் வக்கீல் எழுந்து, இவரையும் சாட்சியாக விசாரிக்க அனுமதி வேண்டும் என்றார். எதிர் வக்கீல் எகிறினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வெறுங்காலையும் மசகுக் கையையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"பேரு தவசிமுத்து. டாக்சி ஓட்டுறேன். இந்தப் பிள்ளை வரக் கூடாதுன்னு வண்டியோட கிளட்சைக் கெடுத்தது நாந்தாங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. கெடுக்கச் சொன்ன மனுஷன், கிட்டங்கிய ஒரே குச்சியில முடிச்சேன்னு அவரு வாயாலேயே எங்கிட்டச் சொன்னாரு. அவரு பேரையும் சொல்லணும்ல?"

பேரைச் சொன்னார். குற்றவாளிக் கூண்டிலிருந்த பால்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் அப்போதுதான் அழுதாள்.

"அந்தச் சமுத்திரம் வெளியே இருக்காரா, பாருங்க" என்றார் நீதிபதி.

இருந்தார். வெள்ளைக் காருக்குள் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியரும் விழுந்திருந்தது, கிளட்ச் அருமையாக வேலை செய்தது. ஹாரனை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். வெளியே போக ஒரே கேட். அதை அடைத்துக்கொண்டு ராஜபாளையம் அம்பாசடர் நின்றது.

மட்கார்டில் சாய்ந்து நின்ற பொன்னுராஜ் அவரைப் பார்த்துக் கையை விரித்தான்.

"மன்னிக்கணும் முதலாளி. வண்டிய எடுக்க முடியாது. கிளட்ச் போச்சு."